கைபேசியில் வரும் விலையும் களத்தில் நிற்கும் சரக்கும்



நாம் தொண்டாமுத்தூரில் தேங்காய், கொப்பரை மொத்த வியாபாரம் தொடங்கிய 1980-களில், காங்கேயத்தில் கொப்பரை என்ன விலை போகிறது என்று அறிய டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்போம். அதைவிட்டால் லாரி டிரைவர் சொல்லும் சேதி; அல்லது மறுநாள் பத்திரிகையில் வரும் மார்க்கெட் நிலவரம். இன்று தோப்பில் நிற்கும் விவசாயியின் கைபேசிக்கு நமக்கு முன்பாகவே விலை வந்துவிடுகிறது.

இது நல்லதுதான். மத்திய அரசு 2016 ஏப்ரலில் இ-நாம் மின்னணுச் சந்தையைத் தொடங்கியது. தமிழக அரசின் உழவன் செயலி 2018-ல் வந்தது. விலை தெரியாத விவசாயியிடம் அடித்து வாங்குவது வியாபாரமாகாது. அந்தக் காலம் மலையேறியதில் நேர்மையான வணிகருக்கு நஷ்டம் ஏதுமில்லை.

ஆனால் இப்போது விலையானது அரட்டை நடக்கும் இடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. 2022 டிசம்பரில் ட்விட்டர் தளம், டாலர் குறியுடன் ஒரு பங்கின் சுருக்கப் பெயரைத் தேடினால் அதன் விலை வரைபடத்தைக் காட்டத் தொடங்கியது. 2023 ஏப்ரலில் ஈடோரோ என்ற நிறுவனத்துடன் கைகோத்து, விலையைப் பார்த்த கையோடு அந்நிறுவனத்தின் தளத்துக்குப் போய் வாங்கவும் வழி செய்தது. நம் பக்கத்தில் இதே வேலையை வாட்ஸ்அப் குழுக்கள் செய்கின்றன. விடிந்தால் தங்கம், மஞ்சள், கொப்பரை, முட்டை என்று வரிசையாக விலைகள் வந்து விழுகின்றன.

இங்கே நாம் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கைபேசியில் வருவது விலை மட்டுமே, சரக்கு அல்ல. தரம், ஈரம், லாரி வாடகை, ரொக்கமா கடனா என்ற விவரம் எதுவும் அதில் இருப்பதில்லை.

கொப்பரையையே எடுத்துக்கொள்வோம். ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்தில் முதல் தரம், இரண்டாம் தரம் எனத் தனித்தனியே விலை போகிறது. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம், குறைந்தபட்சம் உண்டு. குழுவில் சுற்றுவது பெரும்பாலும் முதல் தரத்தின் அதிகபட்ச விலை மட்டும்தான். அரவைக் கொப்பரையில் ஈரப்பதம் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கொள்முதல் விதி. 10 சதவீத ஈரமுள்ள சரக்கை முழு விலை கொடுத்து வாங்கினால், 6 சதவீதத்துக்குக் காய்வதற்குள் 100 கிலோவில் 4 கிலோவுக்கு மேல் எடை போய்விடும். கிலோ 200 ரூபாய் என்றால் குவிண்டாலுக்கு 800 ரூபாய்க்கு மேல் கைநஷ்டம்.

மஞ்சளும் அப்படியே. ஈரோட்டில் விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. கைபேசியில் ஏறி இறங்கும் என்.சி.டி.இ.எக்ஸ். முன்பேர வணிக விலையோ நிஜாமாபாத் மஞ்சளை அடிப்படையாகக் கொண்டது. அதுவும் பின்னால் வரப்போகும் ஒரு மாதத்துக்கானது. நாமக்கல் முட்டைக்கு ஒருங்கிணைப்புக் குழு விலை அறிவித்தாலும், பண்ணையில் அதற்குக் குறைத்து எடுக்கும் வழக்கம் உண்டு. அந்தக் குறைவுக்கு 'மைனஸ்' என்றே வியாபாரத்தில் பெயர்.

2025-ல் அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். வெளிச்சந்தையிலோ கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அப்படி ஏறுகிற காலத்தில்தான் கைபேசி விலை மனிதனை ஆட்டிப் படைக்கிறது. விவசாயி கைபேசியை நீட்டி, "இந்த விலை ஏன் தர மாட்டீங்க?" என்கிறார். அவர் மீது கோபப்படுவதில் பயனில்லை. மூட்டையைப் பிரித்து, தரத்தைக் காட்டி, கழிவை எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார். மறுத்துப் பேசாமல் அனுப்பிவிட்டால், தலைமுறை தலைமுறையாக வந்த வாடிக்கை ஒரே நாளில் அறுந்துபோகும்.

சில்லறை வணிகருக்கு வேறொரு ஆபத்து. நாளைக்கு இன்னும் ஏறும் என்ற குழுச் செய்தியை நம்பி, கடன் வாங்கி எண்ணெய் டின்களை அடுக்குகிறார்கள். விலை இறங்கினால் டின்னும் வட்டியும்தான் மிஞ்சும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, கல்லாப் பணத்தைப் பங்குச் சந்தை முன்பேரத்தில் இறக்குவது. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில், இவ்வகைப் பங்குப் பேரத்தில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டமடைந்தனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆண்டு மே மாதத்தில், நிகழ்நேர விலை விவரங்களை விளையாட்டுப் போட்டி நடத்துவோர் போன்ற வெளியாருக்குத் தரக் கூடாது என்று சந்தைகளுக்கு அதே செபி உத்தரவிட்டது. ஓடும் விலையே ஒரு போதை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

போலிக் குழுக்களும் உண்டு. விலையையும் லாபத்தையும் திரையில் காட்டுவார்கள். பணத்தை எடுக்கப் போனால் வராது. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். தாமதித்தால் பணம் கைமாறிக்கொண்டே போய்விடும்.

ஆகவே வணிக நண்பர்கள் சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொள்வது நலம். குழுவில் வரும் விலையை ஏலம் நடந்த இடத்தில் ஒருவரிடமாவது போனில் கேட்டு உறுதி செய்யுங்கள். எந்தத் தரம், எந்த ஊர், எந்தத் தேதி என்று தெரியாத விலையை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். கொள்முதல் சிட்டையில் விலையோடு தரத்தையும் ஈரத்தையும் எழுதுங்கள். கடைப் பணத்தைக் கடைக்குள் வையுங்கள்.

விலை யாருக்கும் தெரியலாம்; சரக்கைக் கையில் எடுத்து, உடைத்து, முகர்ந்து மதிப்பிடுவது நம் தொழில். அந்தக் கைப்பக்குவத்தை நம் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டும். கைபேசி பார்க்க அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.