களத்துமேட்டை விட்டு இறங்கிய அரசாங்கம்

தஞ்சைச் சீமையில் பிறந்து நான்கு சமஸ்தானங்களின் கஜானாவை நிமிர்த்திய இரண்டு திவான்களின் கதை

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் குறுவையை அறுத்துவிட வேண்டும் என்பது டெல்டாக்காரர்களின் பிரார்த்தனை. அறுத்த பிறகும் நிம்மதி கிடையாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டித் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே காவல் கிடக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். காயவைக்கும் நேரம் பார்த்துத் தூறல் விழும். சாக்கு இல்லை, லாரி வரவில்லை, மூட்டைக்கு இவ்வளவு கேட்கிறார்கள் என்ற புகார்கள் பருவம் தவறாமல் எழும். குவியலிலேயே முளைவிட்ட நெல்லின் படமும் செய்தித்தாளில் வந்துவிடும்.

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன், டெல்டாவின் தெற்கு விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இதைவிட மோசமான காட்சி ஒன்றைப் பார்த்தார் ஒரு தஞ்சாவூர்க்காரர். நெல்லுக்கும் கஜானாவுக்கும் நடுவில் நிற்கும் கூட்டத்தை ஒழித்தாலொழிய நிதி நிலைமை சீராகாது என்று முடிவுகட்டினார். 1828-இல் தஞ்சை ஜில்லா அமராவதி கிராமத்தில் பிறந்த அவர் பெயர் அ. சேஷய்யா சாஸ்திரி. எழுத்தராகத் தொடங்கி இரண்டு சமஸ்தானங்களுக்குத் திவானாக உயர்ந்தவர்.

கங்காணி, மதிப்புதார், களஞ்சியம்

சாஸ்திரி 1878-இல் புதுக்கோட்டைக்குத் திவானாக வந்தார். தாது வருஷப் பஞ்சம் ஊரை உலுக்கிவிட்டுப் போன நேரம். மன்னர் ராமச்சந்திர தொண்டைமானின் கடனும் ஊதாரித்தனமும் ஊரறிந்த சங்கதி. அதற்காக ஆங்கிலேயர்கள் அவருடைய மரியாதைப் பட்டத்தைப் பறித்ததும் உண்டு.

சமஸ்தானத்தின் நல்ல நன்செய் பலவும் அமானி முறையில் இருந்தன. விளைச்சலை அரசும் குடியானவரும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதுதான் அமானி. வானம் பொய்த்தால் இருவருக்கும் நஷ்டம், விளைந்தால் இருவருக்கும் லாபம் என்று கேட்கும்போது நியாயமாகத்தான் படும். நடைமுறையில் அது என்ன ஆனது என்பதைச் சாஸ்திரியே தம் அறிக்கையில் படிப்படியாக, கொஞ்சம் குறும்போடும் விவரித்திருக்கிறார்.

நிலத்தை விற்கவோ பிள்ளைக்கு விட்டுப்போகவோ உரிமை இல்லாததால் குடியானவருக்கு அமானி வயலில் மனம் ஒட்டாது. இனாம் நிலம், பணத்தீர்வை நிலம் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் அதில் ஏர் இறங்கும். பருவம் தப்பி நட்ட வயல் கண்ணில் பட்டால், அது அமானியாக இருக்கும் என்று துணிந்து சொல்லலாம். கதிர் எட்டிப் பார்த்ததும் காவலுக்குக் கங்காணிகள் வருவார்கள். பெரும்பாலும் அவர்கள் பழைய படைவீரர்களின் வாரிசுகள். சண்டை இல்லாத காலத்தில் இந்த வேலை அவர்கள் தலையில் விழுந்தது. சம்பளம் கிடையாது, காவல் காத்த பயிரிலிருந்தே கொஞ்சம் நெல் கிடைக்கும். காவல் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பயிர் முற்றியதும் மதிப்புதார்கள் கூட்டம் வரும். நின்ற பயிரைப் பார்த்தே இத்தனை கலம் தேறும் என்று மதிப்பிடுபவர்கள். குடியானவர் குறைக்கச் சொல்லி மன்றாடுவார், மதிப்புதார் ஏற்றுவார். பேரம் படிவதற்குள் கதிர் முற்றி மணி உதிரும். ஒருவழியாக அறுத்து, அடித்து, தூற்றி அளந்தால் மதிப்பீட்டுக்கும் அளவுக்கும் பொருந்தாது. மிச்சம் எங்கே போனது என்று விசாரணை கிளம்பும். இத்தனையையும் தாண்டி அரசுக் களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்ந்த நெல், அங்கேயும் அளப்பவர் கையிலும் எலியின் வாயிலும் கரையும்.

ஆக, அரசும் ஏமாந்தது, உழுதவரும் ஏமாந்தார். நடுவில் நின்றவர்களுக்கு மட்டும் வெள்ளாமை தவறவில்லை.

சாஸ்திரி அமானியை ஒழித்தார். நிலத்துக்கு நிலையான பணத்தீர்வை, உழுபவருக்கு நில உரிமை என்பது அவர் செய்த ஏற்பாடு. எப்போது நடுவது, எப்போது அறுப்பது என்பது இனி குடியானவர் பாடு. அரசாங்கம் களத்துமேட்டை விட்டு இறங்கியது.

இந்த ஏற்பாட்டிலும் ஒரு முள் இருந்தது. பங்கு முறையில் மழை பொய்த்தால் அரசின் பங்கும் குறையும். பணத்தீர்வைக்கு மழையும் தெரியாது, விலையும் தெரியாது. கிஸ்தி கட்ட வேண்டிய நாளுக்குள் நெல்லை வந்த விலைக்குத் தள்ளியாக வேண்டும். சாஸ்திரி பிறந்த தஞ்சை ஜில்லாவிலேயே நெல் விலை ஏறி இறங்குவதற்கேற்ப வரியையும் கூட்டிக் குறைக்கும் ஒழுங்கு முறை ஒன்று சில பதிற்றாண்டுகள் இருந்து, பிறகு கைவிடப்பட்டிருந்தது.

பவல் துரையின் மாணவர்கள்

இந்தப் பார்வை சாஸ்திரிக்கு எங்கிருந்து வந்தது? கர்ணம் எழுதும் கணக்குக்கும் மிராசுதார் வீட்டுக் குதிருக்கும் இருக்கும் தூரம் தஞ்சை ஜில்லாவில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். சென்னையில் 1841-இல் தொடங்கிய உயர்நிலைப் பள்ளி மற்றதைக் கொடுத்தது. அதுதான் பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. தலைமை ஆசிரியர் ஈ. பி. பவல், கணிதத்தில் கேம்பிரிட்ஜில் தேர்ந்தவர். அவரிடம் படித்துவிட்டுச் சாஸ்திரி 1848 வாக்கில் சென்னை ரெவின்யூ போர்டில் எழுத்தராகச் சேர்ந்தார். மசூலிப்பட்டினம் பக்கம் தாசில்தாராகவும் சிரஸ்தாதாராகவும் வேலை பார்த்தார். கடைசியில் ரெவின்யூ போர்டின் தலைமைச் சிரஸ்தாதார் ஆனார். மாகாணத்தின் வரிக் கணக்கு முழுவதும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பவலிடம் படித்த இன்னொருவர், அதே 1828-இல் கும்பகோணத்தில் பிறந்த த. மாதவராவ். தஞ்சை மராத்தியர் வழிவந்த குடும்பம். தந்தை ரங்கராவும் அவருடன் பிறந்த வெங்கடராவும் திருவிதாங்கூரில் திவான் பதவி வகித்தவர்கள். மாதவராவ் பள்ளிப்படிப்பை முடித்ததும் கொஞ்ச நாள் அங்கேயே கணிதம் சொல்லிக்கொடுத்தார். பிறகு சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் கணக்கு எழுதினார். 1849-இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியராகப் போனார்.

1855

அந்த ஆண்டு அக்டோபரில் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி அரசு பட்டத்தை முடித்துவைத்தது. அதே 1855-இல் திருவிதாங்கூருக்கும் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் எச்சரிக்கை போனது: நிர்வாகத்தைச் சீர்செய்யாவிட்டால் ராஜ்யம் கைவிட்டுப் போகும்.

எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. கம்பெனிக்குக் கட்ட வேண்டிய கப்பம் பாக்கி. உத்தியோகஸ்தர்களுக்குச் சம்பளம் பாக்கி. பத்மநாபசுவாமி கோயில் பண்டாரத்திலிருந்தும் கடன் வாங்கியாகிவிட்டது. இந்த நிலையில், 1857 முடியும் தறுவாயில் திவான் பொறுப்பு மாதவராவிடம் வந்தது. வயது 29.

காலிக் கஜானாவை நிரப்பப் புது வரி போடுவதுதான் எவருக்கும் தோன்றும் வழி. மாதவராவ் இருந்த வரும்படியில் கைவைத்தார். மிளகு அரசின் ஏகபோகமாக இருந்தது; விளைவித்தவர் அரசுக்கு மட்டுமே, அரசு வைத்த விலைக்கே விற்க வேண்டும். 1860-இல் அதை எடுத்துவிட்டு ஏற்றுமதித் தீர்வை மட்டும் வைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த புகையிலையை அரசே வாங்கி அரசே விற்ற ஏற்பாடும் சில ஆண்டுகளில் போயிற்று. பல சில்லறை வரிகள் ஒழிந்தன. 1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவோடும் கொச்சியோடும் செய்த வர்த்தக உடன்பாட்டால் எல்லைச் சுங்கம் பெருமளவு நீங்கியது. அதே ஆண்டு வந்த பட்டம் பிரகடனம், அரசு நிலத்தில் பயிர் செய்தவர்களுக்கு விற்கவும் அடமானம் வைக்கவும் உரிமை தந்தது.

வரும்படியின் வேர்களை வெட்டிவிட்டதாகப் பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். 1860-களின் நடுவிலேயே பழைய கடன் தீர்ந்து மிச்சம் விழத் தொடங்கியது. கையும் களவுமாகப் பிடிக்க ஆயிரம் பேரை வைப்பதைவிட, களவுக்கே வழியில்லாமல் செய்வது மலிவு. அந்தக் கணக்கு அவருக்குப் புரிந்திருந்தது. பிரான்சின் புகழ்பெற்ற நிதியமைச்சர் டர்கோவோடு ஒப்பிட்டு அவரை இந்தியாவின் டர்கோ என்றார் பிரிட்டிஷ் பொருளியலாளர் ஹென்றி ஃபாசெட்.

1872-இல் மாதவராவ் திருவிதாங்கூரை விட்டு விலகினார். அந்த நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் சேஷய்யா சாஸ்திரிதான். பவலின் ஒரு மாணவர் எழுந்த இடத்தில் இன்னொரு மாணவர். 1877 வரை சாஸ்திரி அங்கே இருந்தார். திருவிதாங்கூரின் முதல் முறையான குடிமதிப்பு 1875-இல் அவர் காலத்தில்தான் நடந்தது. தலை எண்ணிக்கை 23 லட்சத்துக்குச் சற்று மேல்.

தங்கப் பீரங்கி வார்த்த ஊர்

மாதவராவ் இந்தூரில் ஹோல்கரிடம் இரண்டு ஆண்டுகள் திவானாக இருந்துவிட்டு, 1875-இல் பரோடாவுக்குப் போனார். அங்கே மல்ஹர்ராவ் கெய்க்வாட் தங்கத்திலேயே பீரங்கி வார்த்தவர். ஆங்கிலேயர் அவரை அப்போதுதான் பதவியிறக்கியிருந்தார்கள். வரிவசூலை ஏலம் எடுத்த இஜாராதார்கள் கிராமங்களைக் கசக்கிப் பிழிந்திருந்தார்கள். பட்டத்துக்குத் தத்தெடுக்கப்பட்ட சயாஜிராவ் கிராமத்திலிருந்து வந்த சின்னப் பையன்.

மாதவராவ் வரிவசூலை இஜாராதார்களிடமிருந்து மீட்டு அரசின் நேரடிப் பொறுப்பாக்கினார், தீர்வையைக் குறைத்தார், ஆண்டுதோறும் நிர்வாக அறிக்கை அச்சிட்டார். சிறுவனுக்கு ராஜ்யம் நடத்தப் பாடமும் சொன்னார். அந்தப் பாடங்கள் 1881-இல் புத்தகமாகவும் வந்தன. 1882-இல் பரோடாவை விட்டு வந்து, சென்னையில் தங்கி, 1887-இல் அங்கே கூடிய காங்கிரஸ் மாநாட்டின் வரவேற்புக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 1891-இல் காலமானார்.

ஏமாற்று வேலைக்குக் ‘கும்பகோணம் பண்ணுவது’ என்று கிண்டலாகச் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. அதே கும்பகோணத்துக் கணக்கை நம்பித்தான் இந்தூரும் பரோடாவும் தங்கள் கஜானாச் சாவியைக் கொடுத்தன. சொந்த மண்ணின் பட்டம் 1855-இல் மண்ணோடு போயிற்று. அங்கிருந்து போனவர்கள் அடுத்தவர் பட்டங்களைக் காப்பாற்றினார்கள்.

கணக்கில் வராதவர்கள்

இவர்கள் எல்லோருக்கும் நல்லவர்களாக இருந்துவிடவில்லை. மாதவராவ் திவானாக இருந்தபோதுதான் தென் திருவிதாங்கூரில் தோள்சீலைக் கலவரம் முற்றியது. 1859-இல் வந்த பிரகடனம் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றது. மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொன்னது. வரவு செலவில் அத்தனை துணிச்சல் காட்டிய அரசு, மானத்தின் விஷயத்தில் அரைக் கிணறுதான் தாண்டியது.

பெரிய பதவியெல்லாம் வெளியூர்ப் பிராமணர்களுக்கே என்ற குமுறலும் வளர்ந்தது. 1891 ஜனவரியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட ‘மலையாளி மெமோரியல்’ என்ற மனு திருவிதாங்கூர் மகாராஜாவிடம் போனது. கும்பகோணம் சரித்திரத்தில் பெருமையாக இருப்பது திருவிதாங்கூர் சரித்திரத்தில் மனக்குறையாகவும் இருக்கிறது. நில உரிமை பெற்ற குடியானவருக்குக் கீழே, நிலமே இல்லாமல் சேற்றில் இறங்கிய பண்ணையாளுக்கு எந்தத் திவானின் அறிக்கையிலும் தனித் தலைப்பு இருந்திருக்கப்போவதில்லை.

கடைசிக் கணக்கு

சாஸ்திரி புதுக்கோட்டையில் 16 ஆண்டுகள் இருந்தார். 1886-இல் மன்னர் இறந்ததும் சிறுவயது வாரிசின் சார்பில் அரசையே நடத்தினார். ஊருக்குப் புதுக்குளம் வெட்டினார். நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு கொடுக்கும் அம்மன் காசு, ஒருபுறம் பிருகதாம்பாளும் மறுபுறம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்துமாக 1889-இல் புதிதாக அச்சானதும் அவர் காலத்தில்தான். 1894-இல் ஓய்வு பெற்றார். 1902-இல் ‘சர்’ பட்டம் வந்தது. மறு ஆண்டு காலமானார்.

திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே மாதவராவின் சிலை நிற்கிறது. ஆட்டோவில் ஏறி ‘ஸ்டாச்சு’ என்றால் போதும், கொண்டுபோய் விடுவார்கள். யாருடைய சிலை என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அமானிக் காலத்துக் குடியானவர், அரசாங்கம் களத்தை விட்டுப் போனால் போதும் என்றிருந்தார். இன்றைக்குக் கொள்முதல் நிலையத்து வாசலில் படுத்திருப்பவர், வராமல் இருந்துவிடக் கூடாதே என்று காத்திருக்கிறார். அரசு வாங்காவிட்டால் வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்பான். காலம் அப்படித் திரும்பியிருக்கிறது. ஆனாலும் முற்றிய கதிரைக் காத்துக் கிடக்கவைத்தால் அன்றும் இன்றும் நஷ்டம் உழுதவருக்குத்தான். சாஸ்திரி இன்று தஞ்சாவூர் சாலையில் வண்டியை நிறுத்தி அந்தத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால், ஈரப்பதம் எத்தனை என்று முதலில் கேட்கமாட்டார். இந்தக் குவியல் எத்தனை நாளாக இங்கே கிடக்கிறது, இதற்கும் களஞ்சியத்துக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றுதான் கேட்பார்.