சங்குப்பூ வேர்ச்சாறு நரம்பு செல்லை வளர்க்கிறது!
எலியில் பலித்தது, மனிதனுக்கு எப்போது?

புதுச்சேரி, உப்பளம் பக்கம் வேலியோரத்தில் நீலமும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும் சங்குப்பூவைத் தெரியாதவர்கள் இல்லை. "காக்கட்டான்" என்றும் சொல்வார்கள். சாமிக்குப் பூவைப் பறிப்பதோடு சரி. வேரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த வேரில்தான் அதிசயம் இருக்கிறது! மூளையில் உள்ள 'ஸ்டெம் செல்'களைப் பெருக வைத்து, நரம்பு செல்களாக மாற்ற அது உதவுகிறது என்று கர்நாடக மாநிலம் மணிப்பாலில் நடந்த ஆராய்ச்சியில் தெரிய வந்தது.

மாவு மாதிரி!

ஸ்டெம் செல் என்றால் என்ன? அரைத்து வைத்த மாவு மாதிரி. அதையே இட்லியாகவும் ஊற்றலாம், தோசையாகவும் வார்க்கலாம். எதுவாக ஆகப் போகிறோம் என்று இன்னும் முடிவாகாத செல்தான் ஸ்டெம் செல். மூளைக்குள்ளும் இப்படிக் கொஞ்சம் செல்கள் உண்டு. அவை நரம்பு செல்லாக மாறும்; அல்லது நரம்பைத் தாங்கும் துணை செல்லாக மாறும்.

பக்கவாதத்தில் செத்துப்போகும் நரம்பு செல்கள் தோல் மாதிரி தானாக ஆறி வளர்வதில்லை. அதனால்தான் விஞ்ஞானிகள் ஸ்டெம் செல்லைத் துரத்துகிறார்கள்.

7 நாள் சோதனை

மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் நடந்த இந்த ஆராய்ச்சியின் முடிவு 2010-ல் வெளியானது. எலிக்குஞ்சின் மூளையிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். ஒரு பகுதிக்கு மட்டும் சங்குப்பூ வேரின் நீர்ச்சாறு. எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிக்கு 200 நானோகிராம். ஒரு கிராமை 100 கோடி பங்கு போட்டால் ஒரு பங்குதான் நானோகிராம்!

ஏழாம் நாள் பார்த்தபோது, சாறு பட்ட தட்டில் செல் உருண்டைகள் அதிகம் வளர்ந்திருந்தன. நரம்பு செல்களும் கூடுதலாகக் கிடைத்தன.

வல்லாரையும் சளைத்ததல்ல

"பையனுக்குப் பரீட்சை, ஒரு கட்டு வல்லாரை குடுங்க" என்று கீரைக்காரம்மாவிடம் கேட்பது நம் ஊர் வழக்கம். இதிலும் விஷயம் இருக்கிறது. 2006-ல் மணிப்பால் ஆராய்ச்சியாளர்கள், வளரும் எலிக்குட்டிகளுக்கு வல்லாரை இலைச்சாறு கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் அளவில் பல வாரம் குடித்த குட்டிகளின் மூளை நரம்பு செல்களில் கிளைகள் பெருகியிருந்தன.

அதற்கு முன், 2005-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடந்த சோதனையில், தட்டில் வளர்த்த மனித செல்களில் வல்லாரைச் சாறு நரம்பு இழைகளை நீள வைத்தது. ஆனால் ஒரு வேடிக்கை: சாராயத்தில் இறக்கிய சாறுதான் வேலை செய்தது, அதே அளவு தண்ணீர்ச் சாறு பலிக்கவில்லை!

உஷார்!

இதைப் படித்துவிட்டு யாரும் கடப்பாரையைத் தூக்க வேண்டாம். சங்குப்பூ வேர் கடுமையான பேதி மருந்து. இப்போது பலரும் குடிக்கும் நீல டீ பூவில் போடுவது. சோதனை நடந்ததோ வேரில். ஓரிகனில் எலிக்குக் கொடுத்த வல்லாரைச் சாறு, உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 300 மில்லிகிராமுக்குக் குறையாது. அந்தக் கணக்கில் 60 கிலோ ஆளுக்கு 18 கிராம் சாறு! கீரைக் கூட்டில் அது வராது. தட்டிலும் எலியிலும் பலித்தது மனிதனுக்குப் பலிக்குமா என்பதைத் தனியாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

"ஸ்டெம் செல் ஊசி போட்டால் கை கால் வந்துவிடும்" என்று லட்சக்கணக்கில் யாராவது கேட்டால் நகையை அடகு வைக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிமுறைகளின்படி, ஸ்டெம் செல் சிகிச்சைக்கு ஒப்புதல் உள்ளது ரத்த சம்பந்தமான சில நோய்களுக்குத்தான். மற்றதெல்லாம் ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு வருகிறவரிடம் பணம் வாங்கக் கூடாது!

வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. மூளையில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குக் கெடு 4½ மணி நேரம்தான். கோரிமேடு ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டும்.

காக்கட்டான் மருந்து வரும்போது வரட்டும். இருக்கிற நரம்பைக் காப்பாற்றிக்கொள்வதே இன்றைக்குப் புத்திசாலித்தனம்!