மலைப் புல்வெளியும் சமவெளிப் பாசனமும்

பவானி நீரைக் கொண்டு பயிரிடும் மிராசுதார்கள், வாய்க்கால் கரை உடைந்தால் உடனே ஆட்களைத் திரட்டி அடைப்பது வழக்கம். அந்நதி பிறக்கும் மலைமுகடு சீர்கெட்டால் அதைக் கவனிப்பவர் மிகச் சிலரே. பின்னதால் விளையும் நஷ்டம் மெதுவாக வருவதே இதற்குக் காரணம்.

நீலகிரியின் உயர்ந்த மேட்டு நிலங்களில் புல்வெளிகளும், மலைமடிப்புகளில் சோலைகளும் அமைந்துள்ளன. சோலையில் உதிரும் இலைகள் மக்கி, பஞ்சுபோல் மழைநீரை உறிஞ்சுகின்றன. புல்லின் அடர்ந்த வேர்கள் மண்ணைப் பற்றி நிற்கின்றன. ஆதலால் நீர் ஒரேயடியாகப் பாய்ந்தோடாமல், மழை நின்ற பின்னும் ஊற்றாகக் கசிந்து பவானிக்கும் மோயாற்றுக்கும் வந்து சேருகிறது. இவ்விரு நதிகளும் கூடுமிடத்தில் 1955-ம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையால், கீழ்பவானித் திட்டத்தில் மட்டும் சுமார் 2,07,000 ஏக்கர் நிலம் பாசன வசதி பெற்றது.

முன்னோர் இப்புல்வெளிகளைத் தரிசெனக் கருதி, விறகுக்காகக் கற்பூர மரத்தையும், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரத்தையும் பயிரிட்டனர். க்ளென்மார்கனில் இதன் பலன் சோதித்தறியப்பட்டது. அங்கு ஒரு சிறு நீர்ப்பிடிப்பில் 59 சதவிகிதப் பரப்பில் 1972-ல் கற்பூர மரம் நடப்பட்டது. அடுத்திருந்த புல்வெளி அவ்வாறே விடப்பட்டது. முதல் பத்தாண்டுகளில் மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து சராசரியாக 16 சதவிகிதம் குறைந்தது.

1986-ல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் பரவிய 5,520 சதுர கிலோமீட்டர் பிரதேசம், இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. இதன் மையப் பகுதி இயற்கை நிலை குலையாமல் காக்கப்படுகிறது. வெளிப்பகுதிகளில் குடிகள் சாகுபடி செய்து வாழ்கின்றனர். காப்பகம் என்பது மக்களை விலக்கும் வேலியன்று. தோதவர்கள் எருமை மேய்ப்பதும், தம் ஆலயங்களுக்குக் கூரை வேய்வதும் இம்மலைப் புல்லைக் கொண்டேயாகும்.

ஆயினும், எல்லை வகுத்தால் மட்டும் போதாது. சீகை விதை பல்லாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, தீப்பட்டதும் அடர்த்தியாக முளைக்கும். மரத்தை வெட்டிய இடத்தில் நாற்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கி, நாட்டுப் புல்லை வளர்த்தாலன்றிப் பயனில்லை.

மலைக் கிராமத்தார் கோடையில் தீ பரவாமல் காத்தலும், ஓடைக்கரைகளை உழாமல் விடுதலும் அவசியம். சமவெளி விவசாயிகளும் கிராம அதிகாரிகளும், வாய்க்கால் மராமத்தைப் பற்றிக் கூடிப் பேசும்போது, தலைமடைக்கு மேலுள்ள மலையையும் நினைவிற்கொள்வது நலம். மடை திறந்தும் நீர் வராத ஆண்டில் அதை நினைத்துப் பயனில்லை.