தவிட்டோடு வந்த விசுக்கோத்து

தேநீருக்குத் துணையாகக் கிறீம் கிறாக்கர் வைத்திராத வீடு நம்மிடையே அரிது. காய்ச்சற்காரருக்கும் அதுவே, பரீட்சைக்காக இரவிற் கண்விழிக்கும் மாணவருக்கும் அதுவே, சொல்லாமல் வந்த விருந்தினருக்கும் அதுவே. 1885ஆம் ஆண்டளவில் டப்ளின் நகரிற் பிறந்த அப்பண்டம் எமது சமையலறைத் தகரப்பேணியிலே நிலையாகக் குடியேறிவிட்டது. இப்பொழுது அதற்குப் போட்டியாக ஒரு புது வரிசை கடைத் தட்டுகளில் ஏறியிருக்கிறது. குரக்கன், ஓட்ஸ், எள்ளு, தவிட்டுக் கோதுமை எனப் பல பெயர்கள், மண்ணிற உறை, உறையின்மேற் கதிர்ப் படம், "முழுத்தானியம்" என்ற கொட்டை எழுத்து. இவற்றுள் மூவகைப் பொதிகளை வாங்கி வீட்டார் அனைவருமாகச் சுவைத்துப் பார்த்தோம். உறைகளை ஆறுதலாக வாசித்தும் பார்த்தோம். உண்மையைக் கூறின், வாசிப்பே கூடிய சுவை தந்தது.

இம்முயற்சிக்கு எம்மைத் தூண்டியவர் அயல்வீட்டு ஆச்சி ஒருவர். அவர் நெடுங்காலமாகச் சீனி வருத்தக்காரர். சோற்றை அளந்து உண்பார். பாணைத் தொடவும் மாட்டார். குரக்கன் விசுக்கோத்தை மாத்திரம் ஒன்றன்பின் ஒன்றாக அரைப்பொதி முடித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "இது குரக்கன்தானே, தம்பி, எவ்வளவு திண்டாலும் சீனி ஏறாது" என்றார்.

அதே பொதியை நாமும் வாங்கினோம். சேர்மானப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது கோதுமை மா. அடுத்தது தாவர எண்ணெய், அதற்கடுத்தது சீனி, நான்காவதாகவே குரக்கன் வந்து சேர்ந்தது. எமது நாட்டுச் சட்டப்படி, நிறை கூடிய பொருள் முன்னும் குறைந்தது பின்னுமாகவே இப்பட்டியல் எழுதப்படல் வேண்டும். ஆகவே நான்காமிடத்துக் குரக்கன் விருந்தினரேயன்றி வீட்டுக்காரர் அல்லர். இரண்டாவது பொதியிலும் வெண்மாவே முதலில் நின்றது. தவிடு பின்னர் சிறிது தூவப்பட்டிருந்தது. மூன்றாவதில் மாத்திரமே "முழுக்கோதுமை மா" என்பது தலைப்பில் நின்றது. உறையின் நிறத்தை நம்பியிருந்தால் மூன்றும் ஒன்றாகவே தோன்றியிருக்கும்.

முழுத்தானியம் என்பது யாது? கோதுமை மணிக்கு மூன்று பகுதிகள் உள: வெளியே தவிடு, ஓரத்தில் சிறு முளை, நடுவே வெள்ளை மாப்பகுதி. மணியின் நிறையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் மாப்பகுதியே. எனினும் நார்ச்சத்தின் பெரும்பங்கும், பீ வகை விற்றமின்களும் இரும்பும் தவிட்டிலும் முளையிலுமே செறிந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பரவிய உருளை ஆலைகள் இவ்விரண்டையும் இலகுவிற் பிரித்தெடுத்துப் பஞ்சுபோன்ற வெண்மாவைத் தந்தன. உலகம் அதனை நாகரிகமென்று ஏற்றுக்கொண்டது.

தவிட்டின் பெருமையை விஞ்ஞானிகளுக்கு முதலில் உணர்த்தியவை கோழிகள். 1890களில் யாவாத் தீவிலே, ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்தபின் அவை எழுந்து நடப்பதையும் கண்டார். 1926இல் அரிசித் தவிட்டிலிருந்தே விற்றமின் பீ1 பிரித்தெடுக்கப்பட்டது. ஐக்மனுக்கு 1929இல் நோபெல் பரிசு கிடைத்தது. குத்தரிசிச் சோற்றை விட்டுத் தீட்டிய அரிசிக்கு மாறிய எமக்கு இக்கதை அயலார் கதையன்று.

குரக்கனும் சிறந்த தானியமே. அதன் 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு; கோதுமை வெண்மாவில் அதன் பத்திலொரு பங்கும் இல்லை. ஆயினும் ஆச்சி அறியவேண்டியது வேறொன்று. குரக்கனிலும் பெரும்பகுதி மாப்பொருளே. அது சமிபாடடைந்து குளுக்கோசாகவே குருதியிற் சேரும்; மிக நுண்ணியதாக அரைத்த மாவில் அது விரைவாகவும் நிகழும். பொதிகளிலே சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்குச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சைக் குறிகள் உள்ளன. 2019ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் அக்குறிகள் மாப்பொருளைப் பற்றிப் பேசுவதில்லை. சீனிக்குப் பச்சைக் குறி பெற்ற கிறாக்கரிலும் மூன்றில் இரண்டு பங்கு மாப்பொருளாக இருத்தல் கூடும். இதனை ஆச்சிக்கு எடுத்துச் சொன்னோம். சற்றே மனம் வாடினாலும், இரண்டுடன் நிறுத்தச் சம்மதித்தார். மருத்துவ நிலைய நாளிற் பொதியையும் கொண்டுசென்று காட்டுவதாகக் கூறினார்.

உப்பும் கவனிக்கத்தக்கது. சில உறைகளில் உப்பென்று எழுதாது சோடியமென்று எழுதியிருப்பர். அதனை 2.5 ஆற் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 600 மில்லிகிராம் சோடியம் ஒன்றரைக் கிராம் உப்பாகும். வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. மாணவர்கள் இக்கணக்கை வீட்டிற் செய்து பார்க்கலாம். பாடப்புத்தகக் கணக்கிலும் இது சுவையானது.

சுவையைப் பற்றியும் சொல்லவேண்டுமல்லவா? இனிப்புக் கலந்த முதற்பொதி பிள்ளைகளிடம் வென்றது, அதில் வியப்பில்லை. இரண்டாவது, வைக்கோல் மெல்வது போலிருந்தது. மூன்றாவதற்கு வறுத்த கோதுமையின் மணமும் நல்ல கடிபதமும் இருந்தன. ஆனால் வெறுமனே தின்ன நாவரண்டது. இடித்த சம்பல் சிறிது வைத்தபோதோ தட்டு உடனே வெறுமையாயிற்று. முளையிலுள்ள எண்ணெய் காரணமாக இவ்வகை விசுக்கோத்து விரைவிற் காறல் வாடை கொள்ளும். ஆதலாற் சிறிய பொதியாக வாங்கி, திறந்ததும் இறுக மூடும் பேணியில் இடுதல் நன்று.