கழிவறைக்கு ஒரு வாசனைத் தண்ணீர்

டீ ஆறுவதற்குள் ஒரு சின்ன விஷயம் பேசிவிடலாம். கழிவறையில் அடிக்கிற வாசனை ஸ்பிரேயை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும். கொஞ்சம் வாசனை எண்ணெய், மருந்துக் கடையில் கிடைக்கும் ஆல்கஹால், தண்ணீர், ஒரு ஸ்பிரே பாட்டில், இவ்வளவுதான் வேண்டும். ஆனால் தருமபுரி மாவட்டத்தில், போர் தண்ணீர் புழங்கும் வீட்டில் இதைச் செய்கிறவர்களுக்குச் சில சூட்சுமங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், நம் எல்லோரிடமும் இருக்கும் ஒரு நம்பிக்கை. வாசனை அடித்தால் நாற்றம் போய்விடும் என்று நினைக்கிறோம். அது எங்கும் போவதில்லை. நம் மூக்கின் மேல்பகுதியில் மணங்களைப் பிடிக்கும் உணர்விகள் ஏறக்குறைய 400 வகை இருக்கின்றன. இவற்றுக்கான மரபணுக்களைக் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாற்றத்தின் துகள்கள் சில உணர்விகளைத் தொடுகின்றன, எலுமிச்சைப்புல் எண்ணெயின் துகள்கள் வேறு சிலவற்றைத் தொடுகின்றன. இரண்டு செய்தியும் மூளைக்குப் போகிறது. வலுத்த செய்தியை மூளை முன்னால் வைத்துக்கொள்கிறது. சிறிது நேரத்தில் எண்ணெய் காற்றில் கரைந்து போனதும், பின்னால் நின்ற நாற்றம் மறுபடி முன்னுக்கு வருகிறது.

இதில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடங்களில் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். அதனால் வீட்டில் இருக்கிற நமக்கு எதுவும் தெரியாது, வாசலில் நுழைகிற விருந்தாளிக்கு உடனே தெரிந்துவிடும். மலத்தின் நாற்றத்துக்குக் காரணமானவற்றில் இண்டோல் என்று ஒன்று உண்டு. தருமபுரி பூ மார்க்கெட்டுக்குக் கூடை கூடையாக வருகிற மல்லியிலும் அதே இண்டோல் இருக்கிறது. மிகக் குறைந்த அளவில் மற்ற மணங்களோடு சேர்ந்திருக்கும்போது அது பூவின் வாசம், அளவு மிஞ்சினால் முகம் சுளிக்க வைக்கும். கழிவறையில் மல்லிகை வாசனையை அள்ளி அடித்தால் சில சமயம் மூச்சு முட்டுவது போல் ஆவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மல்லிகையை இந்த வேலைக்கு விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

அப்படியானால் நாற்றம் எங்கே பிறக்கிறது? புதிதாகப் போன சிறுநீருக்கு அதிக வாடை கிடையாது. அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் உடைத்து அம்மோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கைத் துளைக்கும். அந்தக் கிருமிகள் தங்க இடம் வேண்டுமே, அதைக் கொடுப்பது நம் உப்புத் தண்ணீர். தருமபுரியின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தபிறகு குடிக்கக் காவிரி கிடைக்கிறது. குளியலறைக்குப் பல வீடுகளில் இன்னும் போர் தண்ணீர்தான். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சிறுநீரின் உப்புகளோடு சேர்ந்து பீங்கானில் மஞ்சள் கறையாகப் படிகின்றன. தொட்டுப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்புக்குள் கிருமிகள் குடியிருக்கின்றன.

இதற்கு மருந்து புளிப்பு. அம்மோனியா காரத்தன்மை உள்ளது, புளிப்பு அதை வாடையில்லாத உப்பாக மாற்றிவிடும், படிந்த கறையையும் கரைக்கும். கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, கறையின்மேல் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். மார்பிள், மொசைக், சிமெண்ட் தரையில் மட்டும் படவிடாதீர்கள், அரித்துவிடும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் எந்தப் புளிப்பையும் ஆசிட்டையும் ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. வினிகரையும் சோடா உப்பையும் சேர்த்துக் கலக்கச் சொல்கிற குறிப்புகளை நம்ப வேண்டாம். நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடும்.

நாற்றம் நுழைய இன்னொரு வாசல் தரையில் இருக்கிறது, பிளம்பர்கள் நாணி டிராப் என்று சொல்வது. அதன் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று, சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கும். குழாயை வளைத்துத் தண்ணீரால் பூட்டுப் போடும் இந்த யோசனைக்கு 1775-இல் லண்டனில் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கம்மிங் ஒரு கடிகாரத் தொழிலாளி. 1970-இல் பிந்தேஷ்வர் பாதக் தொடங்கிய சுலப் அமைப்பின் கழிவறையில் இந்த நீர்ப்பூட்டு 20 மில்லிமீட்டர்தான், ஒன்றரை இரண்டு லிட்டர் தண்ணீரிலேயே கழுவிவிடலாம். தண்ணீர் பஞ்சமான ஊருக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் பூட்டு ஆழம் குறைந்தது என்பதால், வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தால் வெயிலில் வற்றிப்போகும். திரும்பி வந்ததும் வீடு நாறினால் ஸ்பிரேயைத் தேடாமல், நாணி டிராப்பிலும் பேசினிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது, ஒருவர் போய் வந்ததும் சிறிது நேரம் நிற்கிற வாடை. ஸ்பிரேயின் வேலை இது ஒன்றுதான். 2007-இல் அமெரிக்காவில் சூசி பாட்டிஸ் என்பவர் 'பூ-பூரி' என்ற பெயரில் ஒரு ஸ்பிரேயை விற்கத் தொடங்கினார். உட்காரும் முன்பே கோப்பைத் தண்ணீரில் அடிப்பது அது. எண்ணெய் மேலே படலமாக நின்று நாற்றத்தை அடியிலேயே நிறுத்திவைக்கும். நல்ல யோசனை, ஆனால் வெஸ்டர்ன் கமோடுக்குத்தான் பொருந்தும். நம் வீடுகளில் உள்ள ஒரிசா பேனில் மலம் விழுவது தண்ணீரில் இல்லை, பீங்கானின் மேல். அதனால் நாம் முதலில் பேனை நனைத்து வைத்து, முடிந்ததும் நன்றாகக் கழுவி, ஜன்னலைத் திறந்துவிட்டு, அப்புறம் அடிக்க வேண்டும்.

இப்போது செய்முறை. வாசனை எண்ணெய் என்றால் இலை, பட்டை, பூ இவற்றிலிருந்து பெரும்பாலும் நீராவியால் பிரித்தெடுத்தது. சமையல் எண்ணெய் போல் பிசுக்காமல் ஆவியாகிப் பறந்துவிடும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். எண்ணெய்க் கறை நின்றால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. இந்த வேலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெயும் நீலகிரித் தைலமும் ஏற்றவை, விலையும் கட்டுப்படியாகும். மல்லிகை எண்ணெய் ஒரு கிலோ எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும் என்பதால், மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் செயற்கை.

எண்ணெயைத் தண்ணீரில் விட்டுக் குலுக்கினால் போதும் என்று பலர் செய்கிறார்கள். ரசத்தில் தாளித்த எண்ணெய் எப்படி மேலே மிதக்கிறதோ, அப்படித்தான் இதுவும் மிதக்கும். ஸ்பிரேயின் குழல் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதல் பாதி வெறும் தண்ணீரை அடிப்போம். கடைசியில் கலப்பில்லாத எண்ணெய் வந்து தோலை எரிக்கும், பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். கிராம்பு எண்ணெய் மட்டும் தலைகீழ், தண்ணீரைவிடக் கனம் என்பதால் அடியில் மூழ்கி, முதல் அழுத்திலேயே வந்துவிடும்.

இரண்டையும் இணைக்கிற தரகர் ஆல்கஹால். அது எண்ணெயோடும் சேரும், தண்ணீரோடும் சேரும். மருந்துக் கடையில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று கேளுங்கள், சானிட்டைசர் ஜெல் வேண்டாம். 100 மில்லி கண்ணாடி பாட்டிலில் 40 மில்லி ஆல்கஹாலை ஊற்றி, 40 சொட்டு, அதாவது சுமார் 2 மில்லி எண்ணெய் விட்டுக் குலுக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்து 50 மில்லி தண்ணீர் சேருங்கள். வரிசையை மாற்ற வேண்டாம். தண்ணீர் விட்டதும் மோர் போல வெளுக்கும், கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். எண்ணெய் மிகச் சிறிய துளிகளாகப் பிரிந்து நிற்பதுதான் அந்த வெண்மை. ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு அடித்தால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். போர் தண்ணீரை ஊற்றினால் அதன் உப்பு ஸ்பிரே வாயில் படிந்து நாளடைவில் அடைத்துவிடும். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பாட்டில் மலிவு, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆல்கஹால் இருப்பதால் விளக்கு, ஊதுபத்தி, கேஸ் கீசர் எரியும்போது அடிக்கக் கூடாது. ஆஸ்துமா உள்ள வீட்டில் ஒருமுறை லேசாக அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நீலகிரித் தைலம் ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். ஆகவே கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.