தேய்த்தால் குறையும் தேய்மானம்!

காலை ஆறு மணிக்கு அரக்கோணம் ரயில் நிலையத்துப் பக்கம் வந்து பாருங்கள். வண்டியை ஸ்டாண்டில் செருகிவிட்டு, டோக்கனைப் பல்லில் கடித்தபடி பிளாட்பாரத்துக்குப் பாய்வார்கள் நம்ம ஆட்கள். ஐயா ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளி, சென்னை ஆபீஸில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். வண்டி மட்டும் நாள் முழுக்க வெயிலில் காயும். எங்க ஊர் வெயில்தான் தெரியுமே... அப்பளத்தைக் காயப் போட்டால் பொரிந்தே வரும்!

இப்படிப் பத்து வருஷம் நின்றால் சிவப்பு வண்டி செங்கல் நிறமாகும். நீலம் சாம்பலாகும். விரலால் தடவினால் சாக்பீஸ் மாவு மாதிரி ஒட்டும். உடனே நாலு பேர் வந்து, "பெயிண்ட் செத்துப் போச்சு சார், சுரண்டிட்டுப் புதுசா அடிச்சிடுங்க!" என்று இறுதித் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்.

அவசரப்படாதீர்கள். நான் பி.காம். கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் என்று ஒரு தடவை கழித்துவிட்டால் போனது போனதுதான். ஆனால் பெயிண்டில் விழுந்த தேய்மானத்தை மட்டும் தேய்த்தே மீட்கலாம்!

சங்கதி இதுதான். பெயிண்ட் என்பது நிறப்பொடியும் அதைக் கட்டிப் பிடித்திருக்கும் பிசினும் சேர்ந்தது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்கள் பிசினை உடைத்துவிடும். பிடிமானம் போன பொடிதான் விரலில் ஒட்டுகிற அந்த மாவு. செத்தது மேல்தோல் மட்டும். அடியில் பழைய கலர் பத்திரமாக இருக்கும்.

என் நண்பர் வீட்டில் ஒரு பஜாஜ் சேத்தக் இருக்கிறது. 1972-ல் அறிமுகமான சேத்தக்குக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் ஜனங்கள் காத்திருந்த காலம் உண்டு. அப்படிக் காத்திருந்து வாங்கியவர் நண்பரின் அப்பா. இப்போது அவர் இல்லை. வண்டியின் முன் தகட்டில் மஞ்சள் எழுத்தில் 'திருத்தணி முருகன் துணை' என்று யாரோ ஒரு ஆர்ட்டிஸ்ட் எழுதியது மட்டும் இருக்கிறது. பெயிண்டர் வந்து பார்த்தார். "முழுசா அடிச்சிடலாம் தம்பி, ஷோரூம் வண்டி மாதிரி ஆயிடும்" என்றார். நண்பருக்கும் அரை மனசு. உள்ளேயிருந்து அவர் அம்மா கேட்டார்கள்: "அந்த எழுத்து போகாம பண்ண முடியாதாடா?"

முடியும். நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் ஷாம்பு தண்ணீரில் கழுவினோம். பாத்திரம் தேய்க்கிற பவுடர் பக்கமே போகக் கூடாது. காய்ந்து ஒட்டிய சந்தனம், குங்குமத்தை நகத்தால் சுரண்டாமல் ஈரத்துணி போட்டு ஊற வைத்து எடுக்க வேண்டும்.

அடுத்தது டெஸ்ட். சீட்டுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டுத் தேய்த்தோம். துணியில் நீலம் இறங்கியது. சந்தோஷம்! கலர்தான் மேல் பூச்சு என்று அர்த்தம். துணி வெள்ளையாகவே இருந்தால் கலருக்கு மேலே கண்ணாடி மாதிரி இன்னொரு பூச்சு இருக்கிறது. இப்போது வருகிற பெரும்பாலான வண்டிகளில் அப்படித்தான். அந்தப் பூச்சு செதில் செதிலாக உரிந்துவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் பிரயோஜனமில்லை. பெயிண்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய்க் குளியல். ஆம்பிளைகளுக்குச் சனிக்கிழமை இல்லையா, வண்டிக்கும் அன்றைக்கே வைத்தோம். எண்ணெய்ப் பசை அதிகமுள்ள, அரைக்காத மெருகுக் குழம்பு கடையில் கிடைக்கும். அதைத் தாராளமாகத் தடவி ராத்திரி முழுக்க ஊற விட்டோம். காய்ந்து கிடந்த பெயிண்ட் அதைக் குடித்துக்கொள்ளும். (தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஒருநாள் மினுக்கிவிட்டு, மறுநாள் தெருப் புழுதியையெல்லாம் விருந்துக்கு அழைக்கும்!)

ஞாயிற்றுக்கிழமை, நிழலில், தகடு சூடில்லாத நேரத்தில், நைஸ் பாலிஷால் கையாலேயே தேய்த்தோம். எடுத்த எடுப்பில் ரப்பிங் காம்பவுண்டைத் தொடக் கூடாது. அது முரட்டுப் பேர்வழி. பாலிஷுக்கு மசியாத இடத்தில் மட்டும் கொஞ்சம். மொத்தப் பெயிண்டின் கனமே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஓரங்களிலும் மடிப்புகளிலும் அதைவிட மெலிசு. மெஷின் வைத்தால் நிமிஷத்தில் அடிப்பூச்சு பல்லிளிக்கும். கடைசியில் மெழுகுப் பூச்சு.

அந்த எழுத்து? சுற்றிலும் டேப் ஒட்டி மறைத்து, அதன்மேல் கை படாமல் பார்த்துக்கொண்டோம். கையெழுத்து வேலைக்கு மறுபதிப்பு கிடையாது. நம்ம திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலையின் புல்லட்டுகளைப் பாருங்கள். டேங்க்கில் ஓடும் தங்கக் கோட்டை ஒரு மனிதர் தூரிகை பிடித்து, மூச்சை அடக்கி இழுப்பது அந்தக் கம்பெனியின் பெருமை. அந்தக் கோட்டின்மேல் காம்பவுண்டைப் போட்டுத் தேய்க்கிறவரை என்ன சொல்வது?

இரண்டு ஞாயிறு போயிற்று. துருப்பிடித்த ஃபுட்போர்டு ஓரம் அப்படியேதான் இருக்கிறது. தேய்த்துத் துரு போகாது. மற்ற இடமெல்லாம் அசல் நீலம். அதன் நடுவே மஞ்சள் எழுத்து கொஞ்சம் வெளிறித்தான் தெரிகிறது. நண்பரின் அம்மா முந்தானையால் அதை ஒருதரம் ஒற்றிவிட்டு, "காபி குடிக்கிறீங்களாப்பா?" என்றார்கள். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேண்டாம்.

செலவும் பெயிண்டர் கூலியில் ஒரு சிறு பங்குதான். புதுசாக வேறு கலர் அடித்தால் ஆர்.சி.யிலும் கலரை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய வேண்டும். அந்தத் தொல்லையும் மிச்சம்.

இந்த ஞாயிறு நீங்களும் ஆரம்பிக்கலாம். தேய்க்க நல்ல பருத்தித் துணி வேண்டும், பழைய பனியன் உத்தமம். ஆனால் எது பழைய பனியன் என்பதை வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்!