சீதையை ராவணன் எப்படித் தூக்கிப் போனான்? - படங்கள் சொல்லும் ராமகதைகள்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் மும்பை வீட்டில் ஒரு சின்ன வழக்கு நடந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, ஒரு படக்கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "பாட்டி, லட்சுமணன் போட்ட கோட்டைத் தாண்டினதாலதானே சீதையை ராவணன் பிடிச்சான்?" என்றாள். பாட்டியோ, "கோடெல்லாம் கிடையாது கண்ணு. குடிசையோட, தரையோட பேத்து எடுத்துட்டுப் போனான். அவ மேல கையே படல" என்றாள். குழந்தை புத்தகத்தைப் புரட்டிக் காட்டி, "படத்துல அப்படி இல்லையே!" என்றது. பாட்டி பேச்சை நிறுத்திக்கொண்டாள். அந்த மௌனம்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வழக்கில் யார் சொன்னது சரி? இருவர் சொன்னதும் சரிதான். வால்மீகியில் கோடு இல்லை. ஆனால் அங்கே ராவணன் சீதையின் கூந்தலைப் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பர் அதை ஏற்கவில்லை. விருப்பமில்லாத பெண்ணைத் தீண்டினால் அழிவாய் என்ற சாபம் ராவணனுக்கு உண்டு. அதனால் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்தான் என்று பாடினார். பாட்டி சொன்னது கம்பர் வழி. கோடு, வங்காளத்துக் கிருத்திவாசர் முதலிய பிற்கால ராமாயணங்களில் வருவது. துளசிதாசர் அந்தக் கட்டத்தில் கோட்டைச் சொல்லாமல், பின்னால் யுத்தக் கட்டத்தில் மண்டோதரியின் வாயில் வைக்கிறார்.

சொல்லில் எழுதுகிறவர் சிலவற்றைச் சொல்லாமலே நகர்ந்துவிடலாம். ஓவியருக்கு அந்த வசதி இல்லை. ராவணனின் கை எங்கே இருக்கிறது என்பதை அவர் வரைந்தே ஆகவேண்டும். ஆகவே ஒவ்வொரு படமும் ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு யார் பார்ப்பதற்காக என்பதைப் பொறுத்து மாறுகிறது.

அரண்மனைக்கு ஒன்று

அக்பர் ராமாயணத்தைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்கச் செய்து, ஓவியங்களுடன் ஏடு தயாரிக்க வைத்தார். அவருடைய தாயார் ஹமீதா பானு பேகத்திடமும் 1594ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் ஓவியப் பிரதி இருந்தது. அது இன்று கத்தார் நாட்டின் தோஹா அருங்காட்சியகத்தில் உள்ளது.

மேவார் அரசர் ஜகத்சிங் செய்வித்த ராமாயணம் 1649 முதல் 1653 வரை உருவானது. கிடைத்திருக்கும் படங்களே நானூறுக்கு மேல். முக்கிய ஓவியர்களில் ஒருவரான சாஹிப்தீன் இஸ்லாமியர். அவருடைய உத்தி சுவாரசியமானது: ஒரே படத்தில் ஒரே பாத்திரம் இரண்டு மூன்று இடங்களில் நிற்கும். கண் நகர நகரக் கதையும் நகரும். நம் காலத்துப் படக்கதையின் கட்டங்களைக் கோடு போடாமலே வரைந்தது போல! இந்த ஏட்டின் பெரும்பகுதி லண்டனிலும், சில பக்கங்கள் நம் மும்பை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. 2014இல் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து அவற்றை இணையத்தில் ஒன்றாகப் பார்க்க வழி செய்தன.

அம்மனுக்கு ஒன்று

கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் பத்ரகாளி கோயில்களில் தோல்பாவைக் கூத்து நடக்கும். திரைக்குப் பின்னால் விளக்கு வரிசை, தோலில் வெட்டிய உருவங்கள். பாடுவது கம்பராமாயணப் பாட்டு! தமிழ்நாட்டுக்கு வெளியே நம் கம்பர் வாழும் இடம் இது. ராம ராவண யுத்தத்தை நேரில் பார்க்க முடியாத பகவதிக்காக நடத்தப்படுவது என்பது ஐதீகம். மனிதர் யாரும் வராவிட்டாலும் இரவெல்லாம் கூத்து நடக்கும்.

வீதிக்கு, வீட்டுக்கு

ரவிவர்மா 1894இல் மும்பையில் அச்சகம் தொடங்கிய பிறகு புராணப் படங்கள் சாதாரண வீட்டுச் சுவருக்கும் வந்தன. அவருடைய ஜடாயு ஓவியத்தில் ராவணன் ஒரு கையில் சீதையை அணைத்து, மறுகையில் வாளோடு நிற்கிறான். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் மனத்தில் கம்பரின் பர்ணசாலை எப்படி நிற்கும்?

1947இல் சென்னையிலிருந்து தொடங்கிய அம்புலிமாமாவை மறக்க முடியுமா? ஒரே படத்தை வைத்துப் பல மொழிகளில் எழுத்தை மட்டும் மாற்றி அச்சிட்டார்கள். வெளிமாநிலத்தில் அம்மா தமிழிலும், பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்தியிலும் படித்தாலும் பார்த்த படம் ஒன்றுதான். அந்த இதழ் இப்போது வருவதில்லை.

1967இல் அனந்த் பை மும்பையில் அமர் சித்திரக் கதையைத் தொடங்கினார். தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றில் கிரேக்கப் புராணம் தெரிந்த பிள்ளைகளுக்கு ராமனின் தாயார் பெயர் தெரியவில்லை, அதுதான் தூண்டுதல் என்று அவர் சொல்லியிருக்கிறார். பெருங்கதையை முப்பத்திரண்டு பக்கத்தில் அடக்கும்போது ஒரு வழியைத்தான் காட்ட முடியும், மற்ற வழிகள் விடுபட்டே தீரும்.

2011இல் சென்னை தாரா பதிப்பகம் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'சீதையின் ராமாயணம்' வேறு மாதிரி. வங்காளத்துப் படச்சுருள் ஓவியர் மொய்னா சித்ரகார் வரைய, சம்ஹிதா ஆர்னி எழுதினார். அதில் கதை சொல்பவள் சீதையே. போரின் வெற்றியை விட அதன் துயரம் பெரிதாகத் தெரிகிறது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏற்றது.

நம் வீட்டுக்கு?

தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகளுக்குப் படக்கதை ஒரு வரப்பிரசாதம். அதைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் அச்சில் வந்ததே உண்மை, பாட்டி சொல்வது தப்பு என்று குழந்தை நினைத்துவிட்டால், எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக வாய்வழியும் வந்த கம்பர், நம் வீட்டுக் கூடத்திலேயே நின்றுபோவார். அவரைப் படக்கதையாகக் கடையில் தேடினால் எளிதில் கிடைப்பதில்லை.

நாங்கள் ஒரு காரியம் செய்தோம். புத்தகத்தை மூடி வைத்து, "பாட்டி சொன்னதை நீயே வரைஞ்சு காட்டு" என்றோம். வானத்தில் ஒரு மண் திட்டு, அதன்மேல் குடிசை, வாசலில் சீதை, கீழே தாங்கிப் பிடிக்கும் பத்துத் தலை. ஓரத்தில் பெயர் எழுத வேண்டுமே! 'சீதை' என்று தமிழில் எப்படி எழுதுவது என்று பாட்டியிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். அந்தப் படம் இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. அடுத்து ஜடாயுவாம்; பாட்டி கதையை ஆரம்பித்துவிட்டாள்.